ருசி பார்த்தவர் கையொப்பம்

என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். திருத்தணியில் இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் மலையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். கடலைக் காண வேண்டுமென்றால் இங்கிருந்து அரக்கோணம் வழியாக ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும். என் மகளே பள்ளியில் அப்பாவின் தொழில் என்ன என்று ஆசிரியை கேட்டபோது "சமையல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். ஆசிரியை அதைக் கோயில் சமையல் என்று எடுத்துக்கொண்டார்.

அப்படி எடுத்துக்கொண்டதிலும் தவறில்லை. என் கணவருடைய குடும்பம் மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறைகளாகச் சமைத்து வந்த குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் மேலே அடுப்பைப் பார்த்துக்கொண்டார். இவர் சென்னையில் ஓர் ஓட்டலுக்குப் போய், அங்கிருந்து கப்பலுக்குப் போனார். கப்பலில் ஆட்டுக்கறி, கோழி, மீன் எல்லாம் சமைத்தாக வேண்டும். சமைத்தார். ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. ஆனாலும் கறிச்சட்டி தொட்ட கை இனி மடைப்பள்ளிக்குள் வரக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். இவரும் அதை மறுக்கவில்லை, அது நியாயம்தான் என்றார். ஆகவே அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே அடுப்பு கப்பலில்தான் இருந்தது. சமையலைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது, வேறெதிலும் மனமும் ஒட்டாது.

நான் அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். நூல் வரவு, சேலை இருப்பு, மாதாந்திர அறிக்கை. பகலெல்லாம் கட்டம் போட்ட தாள்களை நிரப்பிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால் அங்கே கப்பல் தாள்கள் காத்திருக்கும். அவற்றைத் தனித்தனி உறையிலிட்டு, மேலே என்ன ஏது என்று எழுதி, இரும்புப் பெட்டியில் வைப்பது என் வேலை. அவர் கப்பலேறிய புதிதில் ஒரு பாஸ்போர்ட்டும் ஒரு கடலோடிப் புத்தகமும் மட்டுமே இருந்தன. தொண்ணூறுகள் முடியும்போது பெட்டி மூட முடியாத நிலை. தீயணைப்புப் பயிற்சிச் சான்று, உயிர்காப்புப் படகுச் சான்று, முதலுதவிச் சான்று. வருடக்கணக்காகக் கடலில் இருந்த மனிதரைச் சென்னையில் ஒரு நீச்சல் குளத்தில் காற்றடைத்த சட்டையோடு குதிக்கச் சொல்லி, குதித்தார் என்று ஒரு சான்று கொடுத்தார்கள். அதற்கும் மூன்று பிரதி புகைப்படம். எந்த விதியையும் நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு விபத்து காரணமாக இருந்திருக்கும். ஆனால் தாளை எழுதியவர்கள் அதைச் சுமந்துகொண்டு மின்சார ரயிலில் நின்றபடி போய்வந்ததில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, அவர் இரண்டு கப்பல்களுக்கு இடையில் வீட்டில் இருந்த சமயம், கப்பலுக்கு ஆள் அனுப்பும் சென்னை ஏஜெண்டிடமிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டு கொண்டுவந்தார். அரசிதழில் வந்த வரைவு விதிகள். கப்பல் சமையலறையில் என்னென்ன பதிவேடுகள் வைக்க வேண்டும் என்பது பற்றியது. கெட்ட உணவைத் தின்று ஊழியர்கள் எல்லோரும் படுத்துவிட்டால் நடுக்கடலில் கப்பலை ஓட்ட ஆள் இல்லை, ஆகவே இது கடற்பயணப் பாதுகாப்பைச் சேர்ந்தது என்று முன்னுரையில் விளக்கியிருந்தார்கள். அது எனக்குச் சரியாகவே பட்டது. பின்னிணைப்பில் படிவம் இருந்தது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளுக்கும் நான்கு பிரதி. பதார்த்தத்தின் பெயர், எடுத்த சரக்கு, குளிர்ப்பெட்டியின் வெப்பநிலை, அடுப்பேற்றிய நேரம், இறக்கிய நேரம், பரிமாறும் முன் சமையல்காரர் தாமே ருசி பார்த்ததற்கான கையொப்பம், கடைசியில் கேப்டன் கையொப்பம். பயணம் முடிந்து இறங்கும்போது ஒரு தாள் குறைந்தாலும் சமையல்காரரின் சான்று புதுப்பிக்கப்படாது. இந்தப் பதிவுகள் தேவைதானா, நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும், எளிமையாக்க வழி உண்டா என்று குறிப்பிட்ட கெடுவுக்குள் பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கலாம் என்று முடிந்திருந்தது.

"இதுக்கு நீ எழுது" என்றார்.

"நான் யாருங்க எழுத? நீங்கதான் கப்பல்ல இருக்கறவரு."

"அதான் சொல்றேன். நான் கப்பல்காரன். நீதான் பொதுமக்கள்."

எனக்கு எதையும் செய்து பார்க்காமல் எழுதும் பழக்கம் இல்லை. நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறார்கள், நிரப்பிப் பார்த்துவிடுவோம் என்றேன். விடுமுறையில் வீட்டிலிருக்கும்போது அவர்தான் சமைப்பார். படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்து சமையல்மேடையின் ஓரத்தில் வைத்தேன். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"இன்னா இது, பரீட்சையா?" என்றார் அவர். "எழுதிகினே கிண்டுனா அடி பிடிக்கும்."

"பிடிக்கட்டும் நைனா. அதையும் எழுதிக்கலாம். அடி பிடித்த நேரம், பதினொண்ணு பத்து" என்றாள் மகள்.

முதல் நாள் சிரிப்பும் கேலியுமாகப் போனது. துவரம்பருப்பை எழுத ஆங்கிலச் சொல் தேடினோம். எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வெப்பநிலை காட்டும் கருவி இல்லாததால் மகள் உள்ளே கைவைத்துப் பார்த்து "சில்லுனு இருக்கு" என்று எழுதினாள். அடுத்தடுத்த நாள்களில் கேலி குறைந்தது. குழம்பு பொங்கி வழியும்போது அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வேளைச் சமையலில் எழுத்துக்குப் போகும் நேரத்தை நான் குறித்து வைத்தேன். அடுப்புகள் பலவும் எரிய, கப்பல் ஆடிக்கொண்டிருக்கும்போது அது இன்னும் கூடும் என்று எழுத நினைத்தேன். இவ்வளவில் என் கருத்து முடிந்துவிடும் என்றுதான் இருந்தேன்.

ஒரு கட்டம் மட்டும் எல்லாத் தாள்களிலும் காலியாக இருந்தது. ருசி பார்த்த கையொப்பம்.

"அதுல நான் போடமாட்டேன்" என்றார். "ருசி பாக்காம பாத்தேன்னு எப்படிப் போடறது?"

அவர் ருசி பார்ப்பதில்லை என்பது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். மலைமேல் சாமிக்குப் படைக்கும் முன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது, முகரவும் கூடாது. வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு கை அளவில்தான் உப்பும் புளியும் போடுவார்கள். சின்ன வயதிலேயே படிந்த அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. கப்பலில் கறியும் மீனும் வந்தபோது கை அளவு மட்டும் போதவில்லை. அப்போது ஆவியில் முகத்தைக் காட்டி வாசனையால் பதம் அறியப் பழகிக்கொண்டார். தான் தின்னாத கறியை அத்தனை பேருக்கு அப்படித்தான் சமைத்து வந்தார்.

அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. யார் சமைத்ததானாலும் சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டார்கள். மேலே படையலைக் குறை சொல்ல முடியாது அல்லவா, அது அப்படியே வீட்டுக்கும் இறங்கி வந்துவிட்டது. புதுப் பெண்ணாக வந்தபோது நான் ஒரு முறை "கொஞ்சம் காரம்" என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். அதன் பிறகு நான் எதுவும் சொன்னதில்லை.

மகள், காலிக் கட்டத்தை நான் நிரப்புகிறேன் என்றாள். "நீ பாத்துட்டுப் போடு, நான் பாக்கலை" என்றார் அவரும். ரசம் கொதித்து இறங்கியிருந்தது. ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் விட்டாள்.

"நைனா, இதுல உப்பே இல்ல."

சொன்ன பிறகுதான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொதிச்சா சரியாய்டும்."

"கொதிச்சிடுச்சே நைனா."

அவர் கொஞ்சம் உப்பு போட்டார். மறுபடி பார்க்கச் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டின் ஓரத்தில் நானே ஒரு சிட்டிகை உப்பு வைத்துக்கொண்டதைக் கவனித்தேன். அது அன்றைக்கு மட்டும் செய்தது அல்ல. போன விடுமுறையிலும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். கை தானாகச் செய்து வந்திருக்கிறது, நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

மறுநாள் பால் அடிபிடித்தது. தெருவை ஒட்டிய அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்குத் தீய்ந்த வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் அடுப்புக்கு முன்னால், பால் சட்டிக்கு மிக அருகில், காய் நறுக்கிக்கொண்டு நிற்கிறார். நான் அடுப்பை அணைத்ததும்தான் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு வாடை வரலையா?"

"ஜலதோஷம்" என்றார். ஜலதோஷம் இல்லை.

போன வருடம் ஏதோ ஒரு துறைமுகத்தில் கடுமையான காய்ச்சல் வந்து படுத்திருந்ததாகச் சொல்லியிருந்தார். அரக்கோணத்தில் காது மூக்கு டாக்டரிடம் அழைத்துப்போனேன். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு மோப்பம் குறைவதுண்டு, அதோடு நாக்கின் ருசியும் மங்கும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். கப்பலேறும் முன் செய்யும் மருத்துவச் சோதனைத் தாள்களை வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். கண்ணுக்குச் சோதனை உண்டு, காதுக்கு உண்டு, பல்லுக்குக்கூட உண்டு. மூக்குக்கு ஒரு கட்டமும் இல்லை.

அன்று மாலை கேட்டேன். "கப்பலுக்கு மீன் வருதே, கெட்டுப்போச்சா இல்லையான்னு எப்படிப் பாப்பீங்க?"

"மோந்து பாத்துதான். வேற எப்படி?" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

அந்த வாரம் அவருடைய அண்ணன் உச்சிக்கால பூஜை முடித்துக் கீழே இறங்கி வந்தார். என் பிறந்த வீடு பள்ளிப்பட்டுப் பக்கம், பேச்சில் தெலுங்கு கலந்த குடும்பம். அந்த வழக்கத்தில் நான் அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். தம்பியை மடைப்பள்ளிக்குள் விடாதவர் தம்பி வீட்டில் சாப்பிட மாட்டார் என்று நினைக்க வேண்டாம். வீடு வேறு, கோயில் வேறு என்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"அண்ணா, உப்பு இருக்குதா?"

பாவாவின் கை இலையிலேயே நின்றது. "இன்னாடா கேக்கற?"

"கேட்டா சொல்லேன்."

"நம்ம வூட்டுல இதெல்லாம் கேக்கறது உண்டா? சாமிக்கு வெச்சதுன்னு நெனச்சிகினு சாப்புடறேன். அவ்ளோதான்."

பாவா மிச்சத்தையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவத் தண்ணீர் கொண்டுபோனபோது கொல்லையில் நான் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"பாவா, எவ்ளோ நாளா இப்படி?"

"போன தடவை வந்தப்பவே."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? கப்பலு வேணாம், மேல வந்து செய்யறேன்னு நிப்பான். அது ஆவாது. நான் எந்த வாயால இல்லன்றது?" துண்டால் கையைத் துடைத்தார். "அங்கயே இருக்கட்டும்மா அவன். அங்க யாரு கேக்கப் போறாங்க."

அவர் போன பிறகு என் கணவர் அடுப்படியைக் கழுவித் துடைத்தார். வழக்கமாக நான் செய்வது அது. முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ எழுதறேல்ல, அந்தக் கட்டமே வேணாம்னு எழுது. ருசி பாக்கறது, கையெழுத்து போடறது, ஒண்ணும் வேணாம். தேவையில்லாத வேலைன்னு எழுது."

அவர் கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்தக் கட்டம் இருந்தால் ஒவ்வொரு வேளையும் பொய்யாகக் கையெழுத்திட வேண்டும், அல்லது காலியாக விட்டுச் சான்றை இழக்க வேண்டும். அது நீங்கினால் முன்பு போலவே போய்வரலாம். யாரும் கேட்கமாட்டார்கள். வேண்டாம் என்று எழுதுவதற்கு என்னிடம் காரணங்களும் இருந்தன. நான் இரண்டு மூன்று நாள் அதை அப்படியே எழுதிப் பார்த்தேன். சங்கத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, மற்ற கட்டங்களைப் பற்றியெல்லாம் தடையில்லாமல் எழுதினேன். குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையை இயந்திரப் பிரிவில் ஏற்கெனவே ஒரு பதிவேட்டில் எழுதுகிறார்கள், மறுபடி வேண்டியதில்லை. நான்கு பிரதிகளுக்குப் பதில் ஒன்று போதும். கேப்டன் வேளைக்கு வேளை கையெழுத்திடுவதைவிட வாரம் ஒரு முறை வந்து பார்த்துக் கையெழுத்திட்டால் உண்மையிலேயே பார்ப்பார். இதெல்லாம் நிஜம், எழுதுவதில் சிரமமில்லை. ருசிக் கட்டத்துக்கு வந்ததும் அது தேவையில்லை என்ற வாக்கியத்தை எழுதி அடித்தேன், மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். தேவையில்லை என்பது பொய். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குள் அந்தப் படிவம் கண்டுபிடித்துச் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். அதைச் சொன்னதும் அந்தக் கட்டம்தான்.

கடைசியில் இப்படி எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது. இந்தக் கட்டத்தை நீக்க வேண்டாம். ஆனால் சமைத்தவரே ருசி பார்த்துக் கையெழுத்திடுவதில் பயன் இல்லை. தம் குறை தமக்குத் தெரியாது. சைவ உணவு மட்டுமே உண்ணும் சமையல்காரர்கள் பலர் கப்பல்களில் இருக்கிறார்கள், அவர்கள் இந்தக் கட்டத்தில் பொய்யாகவே கையெழுத்திட நேரும். எனவே கப்பலில் வேறொருவர் ருசி பார்த்து ஒப்பமிட வேண்டும். மீனும் கறியும் கப்பலுக்கு வரும்போது அவரும் உடன் நின்று முகர்ந்து பார்க்க வேண்டும்.

கடைத்தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டைப் அடித்து வாங்கி, நான் அதைச் சேர்ப்பிக்கச் சென்னைக்குப் புறப்படும் நாள் காலையில் அவரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"வேணாம்னு எழுதச் சொன்னேன்."

"ஆமாங்க."

"நீ இன்னோர் ஆளைக் கொண்டாந்து என் பக்கத்துல நிக்க வெச்சிருக்கற."

"ஆமா."

"இத்தினி வருஷம் என் சட்டியில ஒருத்தன் கரண்டி வுட்டதில்ல." காகிதத்தை மடித்தார், திரும்பப் பிரித்தார். "வெளியாள் செஞ்சா பரவால்ல. நீ செய்யற."

"கப்பல்ல எத்தினி பேரு சாப்புடறாங்க?"

"இருபது இருபத்திரண்டு பேரு இருப்பாங்க. இன்னாத்துக்கு?"

"அவங்க வூட்டுலயும் ஒருத்தி உக்காந்துகினுதானே இருப்பா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் செருப்பைப் போட்டுக்கொண்டபோது காகிதத்தை நீட்டினார். "போய்க் குடுத்துட்டு வா" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சென்னை அலுவலகத்தில், தாள்களைக் குறைப்பது பற்றிய கருத்துகளை மூன்று பிரதிகளில் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் இரண்டுதான் கொண்டுபோயிருந்தேன். வெளியே போய் ஜெராக்ஸ் எடுத்துவந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான், களைத்திருந்தார்.

"எந்தச் சங்கம்மா?"

"சங்கம் இல்லைங்க."

"ஷிப்பிங் கம்பெனியா?"

"இல்லைங்க. வீடு."

"அப்ப எந்த ஹோதாவுல குடுக்கறீங்க?"

"பொதுமக்கள் குடுக்கலாம்னு போட்டிருந்துதுங்க."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். கப்பல் உடைமையாளர்கள், தொழிற்சங்கங்கள், பயிற்சி நிறுவனங்கள் என்று பத்திகள் இருந்தன. பொதுமக்கள் என்று ஒன்று இல்லை. கொஞ்சம் யோசித்து "இதர" என்பதன் கீழ் எழுதிக்கொண்டார். "இத்தினி நாள்ல நீங்கதாம்மா மொதல் ஆளு இதுல" என்றபடி முத்திரை குத்தினார். மை காய்ந்திருந்தது. இரண்டாம் தடவை அழுத்திக் குத்தினார். அதிலும் பாதிதான் விழுந்தது.

அதன் பிறகு மாதங்கள் போயின. ஏஜெண்டு அழைக்கவில்லை. புது விதி வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். என் கணவர் வீட்டில் சமைத்தார், ஆனால் ஆவிக்கு முகம் காட்டுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது எங்கள் கைகளைப் பார்ப்பார். நான் தட்டின் ஓரத்தில் உப்பு வைத்துக்கொள்ள முடியாமல் போனது. ஆடிக் கிருத்திகைக்கு ஊர் நிரம்பியபோது ஒரு நாள் காணாமல் போய் மாலையில் வந்தார். எங்கே போனீர்கள் என்றேன். மேலே போய் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன் என்றார். மடைப்பள்ளிப் பக்கம் போனீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பாவா மறுவாரம் வந்தபோது, தம்பி வெளியே காவடிக்காரர்களோடு நின்று மடைப்பள்ளிப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். உள்ளே வா என்று கூப்பிடத் தமக்கு வாய் வரவில்லை என்றார்.

இறுதி விதிகள் வந்தன. ஏஜெண்டு அனுப்பிய ஜெராக்ஸை நான் நின்றபடியே படித்தேன். நான்கு பிரதி அப்படியே இருந்தது. வெப்பநிலை அப்படியே. கேப்டனின் வேளைக்கு வேளைக் கையெழுத்தும் அப்படியே. குறைக்கச் சொன்ன எதுவும் குறையவில்லை. ருசிக் கட்டம் மட்டும் இரண்டாகியிருந்தது. சமைத்தவர் கையொப்பம் ஒன்று, அவர் அல்லாத, கேப்டனால் நியமிக்கப்பட்ட ருசி பார்த்தவர் கையொப்பம் ஒன்று. சரக்கு ஏற்றும்போது இருவரும் நிற்க வேண்டும். நான் எழுதியதால்தான் மாறியதா, வேறு யாரும் அப்படியே எழுதினார்களா, எனக்குத் தெரியாது. பதில் எதுவும் வரவில்லை. நான் எழுதியதால்தான் என்றால், தாள்களைக் குறைக்கச் சொல்லிப் போய் அரசாங்கப் படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டிவிட்டு வந்தவள் நான்.

"ஒருத்தன் பாத்து சரின்னு சொன்னாதான் நான் கரண்டி எடுக்கணும். இல்ல?" என்றார் அவர்.

"ஆமாங்க."

"அவன் சரியில்லைன்னா?"

"சரி பண்ணணும்."

மூன்றாம் நாள் அவர் பயணப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். நான் சான்றுகளை உறை உறையாக எடுத்துக் கொடுத்தேன். ஒன்று மட்டும் கேட்டேன். மூக்கு மந்தமாக இருக்கிறது என்று ஏறிய உடனேயே கேப்டனிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் போவதானால் போக வேண்டாம் என்றேன். அவர் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரயில் நிலையத்திலும் கேட்டேன். "நெஞ்சுல இருக்குது" என்றார்.

அவர் ஏறி வாரங்கள் கழித்து, ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் விடுதியில் இருந்தாள், நான் மட்டும் வீட்டில்.

"சொல்லிட்டேன்" என்றார் எடுத்த எடுப்பில்.

"யாருகிட்ட?"

"கேப்டன்கிட்டதான். மொத நாளே. ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தாரு. அப்பறம் ஒருத்தனைப் போட்டாரு. இஞ்சின்ல வேலை பாக்கறவன், நெல்லூரான். நாக்கு இல்ல அது, தராசு."

"சண்டை போடறீங்களா?"

"தினம். போன வாரம் மீன் வந்துது, பெட்டியத் தொறந்ததுமே வேணாம் திருப்பிடுன்னான். எனக்கு ஒண்ணும் தெரியலை. திருப்பிட்டேன்." இரைச்சல் கேட்டது. "கையெழுத்து போடறதுக்குள்ள உசுர வாங்கறான். நாலு பிரதி இல்ல? யாரு இதை எழுதுனதுன்னு திட்டிகினே போடறான். நான் ஒண்ணும் சொல்லிக்கலை."

"சாப்பாடு எப்படிப் போவுது?"

அவருடைய போன் கார்டில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும், நான் அவசரப்படுத்தவில்லை.

"இத்தினி வருஷமா பசங்க சாப்புட வர்றப்ப ஆளுக்கொரு ஊறுகாய் பாட்டில் கையில எடுத்துகினு வருவானுங்க. கறிக்கு, முட்டைக்கு, எல்லாத்துக்கும் தொட்டுக்குவானுங்க. வீட்டு ஞாபகம் போலன்னு நெனச்சிகினு இருந்தேன். பாவம், ஊரை வுட்டு வந்த பசங்கன்னு."

"ஆங்."

"இப்ப ஒருத்தனும் எடுத்துகினு வர்றதில்ல."

இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம், கார்டு தீர்ந்து லைன் தானாக அறுந்தது. மறுநாள் சங்கத்துக்கு மாதாந்திர அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து நிரப்ப ஆரம்பித்தேன்.